அடுப்போரம் ஒரு செவ்வகம்

மூன்று குளிர்காலம் அதைச் சுமந்தேன்.
கடைசிச் சவாரி முடிந்ததும்
பத்தாம் நம்பர் ஸ்பேனர், இரண்டு நட்டு,
முதலில் கறுப்பு, பிறகு சிவப்பு.
இடுப்போடு அணைத்து வாசல் தாண்டி
அடுப்போரக் கம்பளத்தில் இறக்கிவைப்பேன்.
அத்-பாஷியில் கார் உள்ள வீடுகளில்
இரவானால் இப்படி ஒன்று படுத்திருக்கும்.
வெளியே மைனஸ் முப்பத்திரண்டு.
என் மகள் அக்மரால் அதற்கொரு பெயர்கூட வைத்திருந்தாள்.
சொன்னால் கோபிப்பாள், விடுங்கள்.

முப்பத்தைந்து ஆம்பியர்.
ஜப்பானில் யாரோ காய்கறி வாங்கப் போய்வந்த கார்
வலப்பக்க ஸ்டீயரிங்கோடு வந்து
இங்கே நரினுக்கு ஆள் ஏற்றுகிறது.
பனி என்றால் என்னவென்று
அந்த பேட்டரிக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

நவம்பரில், கணவாய்க்கு இந்தப் பக்கம்,
ஒருவர் வாந்தி எடுக்க நிறுத்தினேன்.
பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று அணைத்தேன்.
அவ்வளவுதான்.
ஆட்டோமேட்டிக் கியர், தள்ளினாலும் கிளம்பாது.
நான்கு பேர், எட்டு விழி, எல்லாம் என் மேல்.
ஒரு மணி நேரம் கழித்து நிலக்கரி லாரி வந்தது.
வயர் கொடுத்த டிரைவர் காசு வாங்கவில்லை.
பானட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு
"இந்தத் தீப்பெட்டியை வைத்துக்கொண்டா மலை ஏறுகிறாய்?" என்றான்.
காசு வாங்கியிருக்கலாம்.

அறுபது ஆம்பியர். ஏழாயிரம் சோம், பாதி கடன்.
தட்டில் வைத்தால் நான்கு விரல் வெளியே.
பக்கத்து வீட்டு மிர்சபெக்கிடம் கிரைண்டர் கேட்டேன்.
கிரைண்டரோடு அவரும் வந்தார்.
நான் தட்டின் விளிம்பை அறுக்க, பொறி பறந்து
பனியில் கறுப்புக் கடுகாய் விழுந்தது.
கைகளை பாக்கெட்டில் விட்டபடி சொன்னார்:
"உன் ஆல்டர்னேட்டர் சின்னது. இவ்வளவு பெரிய வயிற்றை நிரப்பாது."
"குடம் பெரிது, குழாய் அதேதான்.
நிரம்ப நேரமாகும், மிர்சபெக். நிரம்பாமல் போகாது."
அவர் யோசித்தார்.
கிரைண்டரை நாளை தந்தால் போதும் என்றார்.

பழைய கவ்விக்குக் கழுத்து சின்னது.
சுண்டுவிரல் மோதிரத்தைக் கட்டைவிரலில் போடுகிற கதை.
சந்தைக்குப் போய்ப் புதுக் கவ்வி, அரை மீட்டர் கேபிள்.
நொறுங்கிய ஷிகுலி ஒன்றின் சீட் பெல்ட்டை வெட்டி
இரண்டு போல்ட்டில் இழுத்துக் கட்டினேன்.
இனி அசையாது.

பானட்டை மூடப் போன கை
தானாக நின்றது.
மேலே இரும்பு. கீழே சிவப்பு முனை.
இடையில் எவ்வளவு? கண் அளவை நம்ப முடியாது.
உள்ளே போய், ரொட்டிக்குப் பிசைந்ததில்
ஒரு உருண்டை கிள்ளி வந்தேன்.
முனையின் தலையில் வைத்தேன்.
மெதுவாக மூடித் திறந்தேன்.
உருண்டை இல்லை. காகிதம் இருந்தது.
அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிற காகிதம்.
ஒரு பள்ளத்தில் குதித்தால் போதும், வெல்டிங்தான்.
சைக்கிள் டியூபை இரண்டு மடிப்பாய் மடித்து
முனைக்குத் தொப்பி கட்டினேன்.
பானட்டின் வயிற்றையும் இரண்டு தட்டு தட்டி
மேலே வீங்கவிட்டேன். கொஞ்சம் அசிங்கம்தான்.

அன்றிரவு கை வீசி வீட்டுக்குள் வந்தேன்.
ஒரு கையில் சாவி. இன்னொரு கைக்கு வேலை இல்லை.
கம்பளத்தில், அமிலம் தின்று வெளுத்து,
ஒரு செவ்வகம்.
அக்மரால் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

இரண்டு மணிக்கு விழித்தேன். மூன்றுக்கும்.
போய்ச் சாவி திருப்பிப் பார்க்கலாம்தான்.
திருப்பினால் அதில் கொஞ்சம் செலவாகும்.
இருக்கிறதா என்று பார்க்கவே
இருப்பதை எடுக்க வேண்டும்.
படுத்தே கிடந்தேன்.
நாய் ஒன்று குரைக்க ஆரம்பித்து,
குளிரில் பாதியில் விட்டது.

ஆறரை. கதவுக் கைப்பிடி கையுறையைப் பிடித்துக்கொண்டது.
இருட்டில் பள்ளி வாத்தியார் எமில்பெக்
பெட்டியோடு ஏற்கெனவே நிற்கிறார்.
திருப்பினேன்.
ஒரு உறுமல், தடித்த குரலில்,
இந்தக் காருக்குச் சொந்தமில்லாத குரல்.
பிடித்துக்கொண்டது.
வாத்தியார் உள்ளே ஏறி, கதவு சாத்தும் முன்னே,
"ஹீட்டர் போடம்மா" என்றார்.

பாக்கி மூவாயிரத்து ஐந்நூறு.
ஆளுக்கு இருநூறு. கணக்குப் போட்டபடி
கணவாய் ஏறினேன்.
பழசை யாரோ சேவல் பண்ணைக்குக் கேட்டிருக்கிறார்கள்,
ஒற்றை பல்பு எரிக்க.
அக்மரால் இன்னும் சரி என்று சொல்லவில்லை.